இல்லை நோட்டு

சன்னல் சீட்டு நீங்களே வெச்சுக்கங்க தம்பி. நான் இந்த மலையை வேணும்ங்கற அளவு பாத்தாச்சு. காமிரா இருக்குது, பூட்ஸ் போட்டிருக்கறீங்க. இருவாச்சிப் பறவை பாக்கப் போறீங்களாட்ட இருக்குது. நல்லதுங்க, பாருங்க. நானுங்களா? நான் ஒரு மருந்து பாட்டில் வாங்கப் போறேன்.

சிரிக்காதீங்க. பொள்ளாச்சியில மருந்துக்கடைக்கு என்ன பஞ்சம்? தெருவுக்கு மூணு இருக்குது, அதுல ஒண்ணு எங்க கம்பெனிக் கடையாத்தான் இருக்கும். இருந்தாலும் அந்தப் பாட்டிலை வால்பாறைக் கடையிலதான் வாங்கோணும். எனக்கு வியாதியுமில்ல. நூறு நாளைக்கு ஒருக்கா இந்த பஸ்ல ஏறுவேன், ஒரு பாட்டில் வாங்குவேன், மத்தியான பஸ்ல எறங்கிருவேன். இன்னைக்கு ஆறாவது தடவை.

இன்னைக்கு இன்னொரு சோலியும் இருக்குது. இந்தா, இந்த போன்ல ஒரு நம்பரை மாத்தோணும். ஒம்பது மணிக்குள்ள மாத்தோணும். இப்ப மணி ஏழே முக்கால்தான். ஆழியாறு தாண்டி நாலஞ்சு வளைவு வரைக்கும் டவர் கெடைக்கும், அப்பறம் வர்றதும் போறதுமா இருக்கும். பண்ணீரலாம். ஒரே ஒரு அமுத்துதானுங்க. நேரம் இருக்குது.

நான் தப்பு எதுவும் பண்ணலீங்க. அதை மொதல்லயே சொல்லிப்புடறேன். ஏன்னா இந்தக் கதையைப் பாதி கேட்டவங்க எல்லாரும் என்னை ஒரு மாதிரி பாக்கறாங்க. எங்கூட்டுக்காரியே பாக்குது.

எங்களுக்கு அறுபத்திரண்டு மருந்துக்கடைங்க. கோயமுத்தூர், திருப்பூர், உடுமலை, பொள்ளாச்சி, மேல வால்பாறையில ஒண்ணு. நான் சேந்தப்ப எந்தக் கடையில என்ன இருக்குதுன்னு யாருக்கும் தெரியாது. மாசத்துக்கு ஒருக்கா எல்லாக் கடைக்காரங்களையும் கூப்புட்டு மொதலாளி கூட்டம் போடுவாரு. எவன் சத்தமாப் பேசறானோ அவன் சொல்றதுதான் முடிவு. உடுமலையில இருமல் மருந்து இல்லாம சனம் திரும்பிப் போய்ட்டிருக்கும். அதே நேரத்துல ஆனைமலைக் கடையில அதே மருந்து முந்நூறு பாட்டில் தேதி முடிஞ்சு கெடக்கும். இவனுக்கு அவன்கிட்ட இருக்கறது தெரியாது, அவனுக்கு இவன் தேடறது தெரியாது.

நான் மொதலாளிகிட்டப் போனேன். "டேட்டா வேர்ஹவுஸ் ஒண்ணு கட்டோணுங்க. அறுபத்திரண்டு கடையோட தகவலும் ஒரே எடத்துல வந்து சேரோணும். அதைப் பாத்துத்தான் இனி எந்த முடிவும் எடுக்கோணும்"ன்னேன். அவரு கொஞ்ச நேரம் ரோசனை பண்ணிட்டு, "சூலூர்ப் பக்கம் எடம் பாக்கச் சொல்லட்டுமா மயில்சாமி, எத்தனை சென்ட் வேணும்?"ன்னாரு. மூட்டை அடுக்கற கிடங்குன்னு நெனச்சுட்டாரு மனுசன்! அன்னைக்கு இருந்து ஆபீஸ்ல எல்லாரும் அதைக் கிடங்குன்னே கூப்புட ஆரம்பிச்சுட்டாங்க. நானும் அப்பிடியேதான் சொல்றேன்.

கிடங்கு வந்தப்பறம் பாக்கோணுமே. எந்தக் கடையில எந்த மருந்து எந்த மணிக்கு வித்துச்சுன்னு என்ற மேசையில இருந்தே சொல்லுவேன். மழைக்கு ரெண்டு வாரம் முன்னாடியே காய்ச்சல் மருந்து எங்க போகோணுமோ அங்க போய் நிக்கும். தேதி முடிஞ்சு கொட்டற மருந்து பாதிக்குப் பாதி கொறைஞ்சுது. இதெல்லாம் நெசமுங்க, பெருமைக்குச் சொல்லல. அதனால நாலு பேரு பொழச்சிருப்பாங்க. அவங்க எல்லாம் யாரும் என்னைத் தேடி வர்றதில்ல.

இன்னொண்ணு கேளுங்க. எங்க கிடங்குக்குள்ள ஒருக்கா வந்த பேரு வெளிய போகாது. நீங்க பத்து வருசம் முன்னாடி எங்க கடையில தலவலி மாத்திரை வாங்கீருந்தா இன்னைக்கும் இருப்பீங்க. யாரையும் அழிக்கறதில்ல. அப்பிடித்தான் கட்டுனேன்.

அஞ்சாவது வளைவுங்களா இது? அதுக்குள்ள வந்துருச்சா. சரி, டவர் இன்னும் இருக்குது.

எங்க கடைகள்ல ஒரு பழக்கம் இருந்துச்சு தம்பி. கல்லாவுக்குப் பக்கத்துல ஆணியில ஒரு நோட்டு தொங்கும். யாராச்சும் வந்து ஒண்ணு கேட்டு, அது நம்மகிட்ட இல்லைன்னு சொல்லி அனுப்புனா, உடனே அதுல எழுதோணும். யாரு வந்தாங்க, என்ன கேட்டாங்க. கடைசியில 'இல்லை'ன்னு ஒரு வார்த்தை. இல்லை நோட்டுன்னே பேரு. வித்தது கிடங்குக்குத் தெரியுது, இருக்கறதும் தெரியுது, அப்பறம் இல்லாததை உக்காந்து கையில எழுதறது எதுக்குங்க? நிறுத்தச் சொல்லீட்டேன். அறுபத்திரண்டு நோட்டையும் வரவழைச்சேன். மூணு சாக்கு வந்துச்சு. பழைய பேப்பர்க்காரனுக்குப் போட்டுட்டேன்.

அறுபத்தொரு கடையில சந்தோசமாக் குடுத்தாங்க. வால்பாறைக் கடையில ஜெசிந்தான்னு ஒரு அம்மா, இருபது வருசமா மருந்து எடுத்துக் குடுக்குது. அது மட்டும் போன் பண்ணி, "சார், வித்தது மட்டும்தானே உங்களுக்கு வரும், விக்காம திருப்பி அனுப்புனது எப்பிடி வரும்?"னு கேட்டுச்சு. நானு, "அதெல்லாம் சிஸ்டம் பாத்துக்கும்மா"ன்னேன். நல்ல கேள்விதானுங்க. ஆனா அன்னைக்கு எனக்கு அறுபத்திரண்டு கடை, ஒரு கடையோட கேள்விக்கு எங்க நேரம்?

அப்பறம் தொண்ணூறு நாள் சட்டம் வந்துச்சு. ஒரு மருந்து ஒரு கடையில தொண்ணூறு நாளா விக்கலைன்னா அது தேங்குன சரக்கு. அடுத்த வண்டியிலயே கீழ வந்துரோணும், விக்கற கடைக்குப் போகோணும். ஏன் தொண்ணூறு? ஏதோ ஒரு எண்ணு வேணுமுங்களே. நான்தான் வெச்சேன். எல்லாக் கம்பெனியிலயும் அதான் வெக்கறாங்க.

வால்பாறைக் கடையில ஒரு பாட்டில் இருந்துச்சு, நீல மூடி போட்டது. பேரு சொன்னாலும் உங்களுக்குப் புரியாது. சிறுநீரகத்துக்கு மேல ஒரு சுரப்பி இருக்குது, அது வேலை செய்யாதவங்களுக்கு. லட்சத்துல ஒருத்தருக்கு வரும். வால்பாறை முழுக்க ஒரே ஒருத்தருக்குத்தான் இருந்துச்சு, எஸ்டேட்ல கொழுந்து எடுக்கற அம்மா. மரகதம்னு பேரு. தினம் ஒரு மாத்திரை சாப்புட்டே ஆகோணும்.

பாட்டில்ல எத்தனை மாத்திரை தெரியுமுங்களா? நூறு.

நீங்க கெட்டிக்காரங்க, மொகத்தைப் பாத்தாலே தெரியுது. எனக்குத்தான் அன்னைக்குத் தெரீல. தொண்ணூறு நாள் சட்டம், நூறு நாள் பாட்டில். மரகதம் ஒரு பாட்டில் வாங்கிட்டுப் போனதும் ஜெசிந்தாம்மா அடுத்ததை வரவழைச்சு அலமாரியில வெச்சிரும். அது அங்கயே நூறு நாள் சும்மா உக்காந்திருக்கும். தொண்ணூத்தொண்ணாவது நாள் கிடங்கு அதைத் தேங்குன சரக்குன்னு சொல்லிருச்சு. அன்னைக்கு ஒரு சனிக்கிழமை. மேல வண்டி போறது செவ்வாயும் சனியும்தான். சனிக்கிழமை வண்டியிலயே பாட்டில் எறங்கிருச்சு.

ஜெசிந்தாம்மா போன் பண்ணுச்சு. "சார், அது மரகதம் பாட்டில் சார். இன்னும் நாலஞ்சு நாள்ல வந்துருவாங்க." நானு, "அப்பிடி ஒரு பேருல சிஸ்டத்துல பாட்டில் எதுவும் இல்லீங்களே"ன்னு சொன்னேன். பக்கத்துல உக்காந்திருந்த பசங்க சிரிச்சாங்க. நானும் சிரிச்சேனுங்க.

வரையாடு நிக்குது பாருங்க, அந்தப் பாறை மேல. எடுங்க, எடுங்க. அது ஓடாது.

வியாழக்கெழமை மரகதத்தோட வூட்டுக்காரரு வந்தாரு. ராசப்பன்னு பேரு, எஸ்டேட்ல செடிக்கு மருந்தடிக்கற வேலை. பாட்டில்ல இன்னும் நாலு மாத்திரைதான் இருக்குதுன்னாரு. ஜெசிந்தாம்மா, "சனிக்கிழமை வந்துரும் அண்ணா, நீங்க எதுக்குக் கீழ எறங்கி அலையறீங்க"ன்னு சொல்லி அனுப்பிருச்சு. அவரும் ஒரு அட்டை காய்ச்சல் மாத்திரை மட்டும் வாங்கிட்டுப் போய்ட்டாரு. எங்க கிடங்குல அந்த வியாழக்கெழமை எப்பிடி இருக்குது தெரியுமுங்களா? வாடிக்கையாளர் வந்தார், ஒரு பொருள் வாங்கினார். அவ்வளவுதான். அழகா இருக்குது.

தேங்குன சரக்கை மறுபடி கேட்டா யாராச்சும் ஒப்புதல் குடுக்கோணும். அது என்ற வேலை. நான் ஒப்புதல் எல்லாத்தையும் திங்கக்கெழமை காத்தால மொத்தமா உக்காந்து போடுவேன். ஒவ்வொண்ணா வரவரப் போட்டுட்டிருந்தா வேற வேலை நடக்காதுங்க. அவசரம்னு ஒரு கட்டம் இருக்குது, டிக் பண்ணலாம். ஜெசிந்தாம்மா அந்த வியாழக்கெழமையே பாட்டிலைக் கேட்டு டிக் பண்ணியிருந்துச்சு. எல்லாருமே எல்லாத்துக்கும் அவசரம்னுதான் டிக் பண்ணுவாங்க தம்பி. ஆமா, பாத்தேன். வெள்ளிக்கெழமை காத்தாலயே பாத்தேன். இதை நான் எங்கூட்டுக்காரிகிட்டக்கூடச் சொன்னதில்ல.

சனிக்கிழமை வண்டி பாட்டில் இல்லாமத்தான் மேல போச்சு. ஞாயித்துக்கெழமை காத்தால ராசப்பன் தானே கீழ எறங்கி வாங்கிக்கறேன்னு பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருக்காரு. ஆடி மழை. பதினேழாவது வளைவுல மண்ணு சரிஞ்சு ரோடு அடைச்சிருச்சு. இதா, இப்ப வரும் பாருங்க, புதுசாச் செவுரு கட்டியிருப்பாங்க. அந்தப் பக்கம் கேரளாவுக்குப் போற சாலக்குடி ரோட்டுலயும் மரம் விழுந்து கெடந்துச்சு. திங்கக்கெழமை நான் ஒப்புதல் போட்டுட்டேன். சரியா ஒம்பது மணிக்குப் போட்டேன், கிடங்குல நேரம் இருக்குது. அன்னைக்கே மரகதம் கடைசி மாத்திரையை முழுங்கிருச்சு. செவ்வாக்கெழமை காய்ச்சல் வந்துச்சாம், புதன்கெழமை வாந்தியாம். வியாழக்கெழமை எஸ்டேட்டுல குடுத்த லைன் வீட்டுல இருந்து ஆஸ்பத்திரிக்கு ஜீப்புல கொண்டு போறப்ப, பாதி வழியில.

வெள்ளிக்கெழமை ரோடு தெறந்துட்டாங்க. செவ்வாக்கெழமையில இருந்து நின்ன வண்டி ஏறுச்சு, பாட்டில் போய்ச் சேந்துருச்சு.

இப்ப சொல்லுங்க, இதுல நான் என்ன பண்ணுனேன்? மழைக்கு நான் ஒப்புதல் குடுக்கலியே.

அந்த மாசம் மொதலாளி மேடையில நிக்க வெச்சு எனக்குச் சால்வை போத்துனாரு. சரக்குத் தேங்காத கடையில வால்பாறைதான் மொதல் எடம். அந்த வாரத்து ரிப்போர்ட்ல ஒரு கொறை இல்ல. நான் திருப்பித் திருப்பிப் பாத்தேனுங்க. ராத்திரி பகல்னு இல்லாம பாத்தேன். ஒரு எடத்துலயாச்சும், ஒரு செவப்புப் புள்ளியாச்சும் இருக்கோணுமே. இல்லவே இல்ல.

அந்தம்மாவை நான் பாத்ததில்ல. ஆனா தெரியும். கிடங்குல அவங்க வாடிக்கையாளர் நம்பரைப் போட்டா எல்லாம் வரும். வயசு நாப்பத்தொண்ணு. நூறு நாளைக்கு ஒரு பாட்டில். கிறிஸ்துமஸுக்கு முந்துன நாள் பவுடர் டப்பா, வருசம் தவறாம. ஒருக்கா ரெண்டு சீப்பு. ஒருக்கா முட்டி வலித் தைலம். பவுடர் எப்பவும் ஒரே வாசம்தான் வாங்கியிருக்குது, மல்லிகை. இப்ப எங்க போனாலும் அந்த வாசம் வந்துருதுங்க. ஆபீஸ் லிஃப்ட்டுல வந்துச்சு. என்ற கார்ல வந்துச்சு, அதான் காரை விட்டுட்டு பஸ்ல வர்றேன். இங்க உங்களுக்கு வருதா? வரலையா. சரி விடுங்க.

ஒரு மாசம் கழிச்சு மேல போனேன். ஜெசிந்தாம்மா என்னைத் திட்டுமுன்னு நெனச்சேன். திட்டல. அலமாரியைத் தெறந்து காட்டுச்சு. நாள் தப்பி வந்து சேந்த பாட்டில் அங்க உக்காந்திருக்குது. "சார், இதை இனி யாரும் கேக்க மாட்டாங்க. தொண்ணூறு நாள்ல நீங்களே எடுத்துக்குவீங்க"ன்னுச்சு. அவ்வளவுதான் சொல்லுச்சு. அது கேட்டதுல இருந்து எனக்கு ஒரே வெசனம். அந்தப் பாட்டில் அந்த அலமாரியிலதான் இருக்கோணும். யாரும் எடுக்கக் கூடாது. அதுக்கு ஒரே வழிதானுங்க. விக்கோணும். யாருக்கு? அந்தம்மா பேருக்குத்தான். மரகதம் நம்பரைப் போட்டு நானே வாங்கிட்டேன். உடனே இன்னொண்ணு வந்து உக்காந்துக்குச்சு. நூறு நாளைக்கு ஒருக்கா வாங்கற ஆளு இருக்குதுன்னு காட்டி, தொண்ணூறு நாள் சட்டத்துல இருந்து அந்த ஒரு பாட்டிலுக்கு மட்டும் நானே வெலக்குக் குடுத்துட்டேன். இதுவரைக்கும் அஞ்சு பாட்டில் என்ற பீரோவுல இருக்குது.

ஒண்ணு மட்டும் மறந்துட்டேன். தொடர்ந்து மருந்து வாங்கறவங்களுக்கு, மருந்து தீர்ற நாள் காத்தால ஒம்பது மணிக்குக் கிடங்கே போனுக்கு ஒரு மெசேஜ் அனுப்பும். அந்த வாசகமும் நான் எழுதுனதுதான். மரகதம் நம்பருக்குக் கீழ இருந்தது ராசப்பனோட போன். செத்துப் போன பொஞ்சாதி பேருக்கு, உங்க மருந்து தீரப்போகுதுன்னு அவருக்கு மெசேஜ் போயிருக்குது. ஒருக்கா இல்லீங்க, ரெண்டு தடவை.

ஜெசிந்தாம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிஞ்சுது. "சார், அவருக்கு மெசேஜ் போகுது"ன்னுச்சு. பாவம் அந்த மனுசன், எவ்வளவு துடிச்சிருப்பாருன்னு அங்கயே நின்னு நம்பரை மாத்தீட்டேன். அவரு நம்பரை எடுத்துட்டு என்ற நம்பரைப் போட்டேன். யாருகிட்டயும் கேக்கல. கேக்கறதுக்கு என்னங்க இருக்குது, நல்லதுதானே பண்றோம்?

முப்பதாவது வளைவு தாண்டியாச்சா? மணி எட்டரை. டவர் வந்து வந்து போகுது. இருக்கட்டும், வர்றப்ப அமுத்தீர்லாம்.

போன தடவை போனப்ப கல்லாவுக்குப் பக்கத்துல ஆணியில ஒரு நோட்டு தொங்குது. ஜெசிந்தாம்மா தானே வாங்கித் தொங்க விட்டிருக்குது. ஆபீஸ்ல இருந்து வந்திருக்கறேனே, மறைக்கவாச்சும் செய்யலாமுல்ல? மறைக்கல. எடுத்து என்ற கையில குடுத்துச்சு. பொரட்டுனேன். கண்ணு மருந்து, இல்லை. கொழந்தைப் பால் பவுடர், இல்லை. நடுவுல ஒரு வரி. ராசப்பன், மரகதம் பேருக்கு வர்ற மெசேஜ், இல்லை. ரெண்டு பக்கம் தள்ளி மறுபடியும் அதே வரி, அதே எழுத்து. மறுபடியும்.

"என்னம்மா இது?"ன்னேன்.

"அவருதான் சார் வந்து கேட்டாரு. முன்னெல்லாம் வந்துட்டிருந்துச்சு, இப்ப வர்றதில்ல, போன்ல ஏதாச்சும் கோளாறான்னு பாருங்கன்னாரு. நான் பாத்துட்டு இல்லைன்னு சொன்னேன்."

"அதைப் பாத்தா அவருக்கு வேதனையா இருக்குமேன்னுதான் நான்..."

"அதுல அவங்க பேரு வருதுல்ல சார். ரேசன் கார்டுல எடுத்துட்டாங்க. எஸ்டேட் பதிவுல எடுத்துட்டாங்க. இப்ப யாரும் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்புடறதில்லன்னு சொன்னாரு. அந்த மெசேஜ் வந்த அன்னைக்கு, வெள்ளைச் சட்டை போட்டுட்டு வந்து கடைக்கு முன்னாடி நிப்பாரு சார். ஒண்ணும் வாங்க மாட்டாரு. கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போயிருவாரு."

அப்பறம் அது கேட்டுச்சு. "நீங்க அவரைக் கேட்டீங்களா சார்?"

கிடங்குக்குத் தெரியாத ஒண்ணு எனக்கு எப்பிடீங்க தெரியும்? அடுத்த தடவை வர்றதுக்குள்ள நம்பரை மாத்திக் குடுத்தர்றேன்னு சொல்லிட்டு வந்தேன். அந்த அடுத்த தடவைதான் இன்னைக்கு. இன்னைக்கு நூறாவது நாள்.

ஏன் இன்னும் மாத்தலைன்னு பாக்கறீங்க. நூறு நாள் இருந்துச்சுதான். உங்ககிட்ட எதுக்கு மறைக்கறது, வால்பாறை வந்தா நீங்க யாரோ நான் யாரோ. அந்த மெசேஜ் இப்ப எனக்கு வருதுங்க. நூறு நாளைக்கு ஒருக்கா ஒம்பது மணிக்கு அந்தப் பேரு சொல்லி என்னைக் கூப்புடுது. அது வந்தா அன்னைக்கு ஒரு நாள், அந்தம்மாவுக்கு இன்னும் மருந்து தீரலை, நான் போய் வாங்கிக் குடுத்துரலாம்ங்கற மாதிரி இருக்குது. அன்னைக்கு ராத்திரி மட்டும்தான் எனக்குத் தூக்கம் வருது. அவருக்குக் குடுத்துட்டா எனக்கு வராது. ரெண்டு நம்பர் போடற மாதிரி நான் கட்டலீங்க. ஒரு ஆளுக்கு ஒரு நம்பர்தான். அப்பிடித்தான் கட்டுனேன்.

இதா பாருங்க, எல்லாம் தயாரா இருக்குது. ராசப்பன் நம்பரை அடிச்சு வெச்சிருக்கறேன். ஆழியாறுலயே அடிச்சுட்டேன். 'சேமி'ன்னு இருக்குதுல்ல, அதை அமுத்துனாப் போச்சு. டவர் முழுசா இருக்குது இப்ப. மணி எட்டு அம்பத்தெட்டு. அமுத்தறேன். நீங்க அமுத்தறீங்களா? வேண்டாம் வேண்டாம், குடுங்க, போன்ல கை வெக்காதீங்க. நானே பண்ணிக்கறேன். நாப்பதாவது வளைவு திரும்பட்டும். பஸ்ஸு ஆடறப்ப வேற எங்காச்சும் அமுந்திருச்சுன்னா...

கேட்டுச்சுங்களா? மணி அடிச்சுது. வந்துருச்சு.

படிக்கறேன், கேளுங்க. 'அன்புள்ள மரகதம், உங்கள் மருந்து இன்றோடு தீர்கிறது. எங்கள் வால்பாறைக் கடையில் உங்களுக்காக எடுத்து வைத்திருக்கிறோம். மறக்காமல் வாருங்கள்.' நல்லா எழுதியிருக்கறேனுல்ல? உங்களுக்காக எடுத்து வைத்திருக்கிறோம். இப்ப அது நெசம்தானுங்க, எடுத்துத்தான் வெச்சிருக்கறோம்.

சரி, அடுத்த தடவை மாத்திக் குடுத்தர்றேன். கண்டிப்பா. நூறு நாள் எத்தனை நாளுங்க, ஓடிப் போயிரும்.

பேசிட்டே வந்ததுல வால்பாறையே வந்துருச்சு, அதோ பஸ் ஸ்டாண்டு. நேரா எதுத்தாப்புல பச்சைப் போர்டு தெரியுதுல்ல, அதான் எங்க கடை. வாசல்ல வெள்ளைச் சட்டை போட்டு ஒருத்தர் போனைக் கையில வெச்சுட்டு நிக்கறாரு பாருங்க. அவருதான். இன்னும் கொஞ்ச நேரத்துல உள்ள போய்க் கேப்பாரு. ஜெசிந்தாம்மா இல்லைன்னு சொல்லிட்டு நோட்டுல எழுதிக்கும். எழுதட்டும் தம்பி. நோட்டுல எழுதறது ரிப்போர்ட்ல வராது.